சின்னப் பிள்ளைகளுள்ள வீட்டில் திருவருகைக் காலம்

கேள்வி ஓர் இளம் தாயிடமிருந்து வந்தது. சென்னையில் அடுக்குமாடி வீடு. மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு மூன்று. கிறிஸ்துமசுக்கு முந்தின நான்கு வாரக் காத்திருப்பான திருவருகைக் காலத்தைக் குடும்பமாக அனுசரிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் டிசம்பர் முதல் தேதியே மாமியார் வாசலில் ஸ்டார் கட்டிவிடுகிறார். பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா மாத நடுவிலேயே முடிந்துவிடுகிறது. அரையாண்டுத் தேர்வு வேறு. இணையத்தில் தேடினால் மெழுகுதிரி வளையம், சாக்லேட் நாள்காட்டி, ஈசாய் மரம், கைவேலைகள் என்று பட்டியல் நீள்கிறது. "இதில் எதைச் செய்வது? இந்த வயதுக்கு இதெல்லாம் புரியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

புரியும். ஆனால் சொல்லிக்கொடுத்துப் புரியாது. "கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கிறோம்" என்பது மூன்று வயதுப் பையனுக்கு வெறும் சத்தம். இருட்டானதும் விளக்கை அணைத்துவிட்டு அம்மா ஒரு திரியை ஏற்றுகிறாள், குடிலில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது, அங்கே யாரோ வரப்போகிறார் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே என் ஆலோசனை எளியது. தினமும் ஒரே நேரத்தில் செய்வதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இருபத்து நான்காம் தேதி இரவு வரை செய்யாமல் வைத்திருப்பதற்கு இன்னொன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை முடிந்தால் செய்யலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம்.

முதலில் நாள்கணக்கு. பலரும் டிசம்பர் 1 என்று நினைக்கிறார்கள். கத்தோலிக்கத் திருவழிபாட்டில் புனித அந்திரேயா விழாவான நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் தொடக்கம். அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எங்கும் விழலாம். எப்படிப் பார்த்தாலும் ஞாயிறுகள் நான்கு இருக்கும், நாட்கள் 22 முதல் 28 வரை மாறும். 2026இல் நவம்பர் 29 அன்றும், 2027இல் நவம்பர் 28 அன்றும் தொடங்குகிறது. 2028இல் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வருவதால் டிசம்பர் 3 வரை தள்ளிப்போகிறது. அந்த ஆண்டு நான்காம் ஞாயிறும் டிசம்பர் 24உம் ஒரே நாள், காலையில் நான்காம் திரியை ஏற்றிவிட்டு இரவில் பூசைக்குக் கிளம்ப வேண்டியதுதான். வழிபாட்டு ஆண்டே இந்த முதல் ஞாயிற்றில்தான் பிறக்கிறது. மூத்தவளிடம் "இன்றைக்குக் கோவிலுக்குப் புத்தாண்டு" என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

காலத்துக்குள்ளேயே இரண்டு பகுதிகள் உண்டு. டிசம்பர் 16 வரை வாசகங்கள் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையையும் திருமுழுக்கு யோவானையும் சுற்றி வரும். 17ஆம் தேதியிலிருந்துதான் பெத்லகேம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் வீட்டுக்கும் ஒரு நடை கிடைக்கும்: முதல் இரண்டரை வாரம் அமைதியாக, கடைசி வாரம் வேகமாக. தேர்வும் பெரும்பாலும் முதல் பகுதியிலும் அதன் ஓரத்திலும் வருவதால் இந்த நடை உங்களுக்கு வசதிதான்.

வளையத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பிறந்த கதை தெரிந்தால் கடையில் வாங்க வேண்டிய பொருள் என்ற எண்ணம் போய்விடும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விஷெர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை 1833இல் தொடங்கி நடத்திவந்தார். டிசம்பர் வந்தால் "இன்றைக்கா கிறிஸ்துமஸ்? நாளைக்கா?" என்று அந்தப் பிள்ளைகள் துளைத்தெடுத்தார்கள். 1839இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகளும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரிகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். பச்சை இலை சுற்றியது, திரி நான்காகக் குறைந்தது, கத்தோலிக்கர் இதை எடுத்துக்கொண்டது எல்லாம் பின்னால் நடந்தவை. நாள் எண்ணத் தெரியாத பிள்ளைகளுக்குக் காலத்தைக் கண்ணில் காட்டத்தான் அந்தச் சக்கரம் செய்யப்பட்டது. உங்கள் வீட்டுத் தேவையும் அதுவேதான்.

ஆகவே ஒரு தாம்பாளம் போதும். நான்கு கண்ணாடித் தம்ளர்களில் பாதிக்கு மணல் நிரப்பி மெழுகுதிரிகளை ஊன்றுங்கள், ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றிக்கொண்டே போகலாம். ஊதா நிறத் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியை வைத்து, மூன்று தம்ளர்களின் வெளியே ஊதாக் காகிதமும் நான்காவதில் ரோஜா நிறக் காகிதமும் ஒட்டினால் சரியாகிவிடும். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு. "ஆண்டவரில் மகிழுங்கள்" என்று பவுல் சொல்வதை ஒட்டிய ஞாயிறு அது, பாதி வழி தாண்டிவிட்டோம் என்ற தெம்பு. அன்று குருவானவர் ரோஜா நிற உடை அணியலாம். ஆனால் எல்லாப் பங்கிலும் அந்த உடை இருக்காது, ஆகவே பிள்ளைகளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பச்சைக்குச் சவுக்குக் கிளை அழகாக இருக்கும், மலிவும்கூட. ஒரே எச்சரிக்கை: காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றிக்கொள்ளும். மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள், அல்லது மாவிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னவன் இருக்கும் வீட்டில் திரைச்சீலை, பெண் பிள்ளையின் அவிழ்ந்த கூந்தல், மேசை விரிப்பின் தொங்கும் நுனி மூன்றையும் கவனிக்க வேண்டும்.

பேட்டரியில் எரியும் போலித் திரி வேண்டாமா என்றால், வேண்டாம் என்பேன். பிள்ளைகளை அங்கே இழுத்து நிறுத்துவதே உண்மையான நெருப்புத்தான். திரி அணையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் சென்னைக் கொசு வந்துவிடும். அதனால் செபம் தானாகவே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த வயதுக்கு அதற்கு மேல் ஒரு நிமிடமும் தேவையில்லை.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது? வழக்கமாக இரவு செபமாலை சொல்லும் வீடானால் அதன் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக ஒரு நேரம் கண்டுபிடிக்க வேண்டாம். மூத்தவள் ஒரு மணியை அடித்து எல்லாரையும் கூப்பிடட்டும். விளக்கை அணையுங்கள். சில நொடி இருட்டில் சும்மா நில்லுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். திரியை ஏற்றுங்கள். நற்செய்தியிலிருந்து இரண்டு வசனம், ஓர் "அருள் நிறைந்த மரியே", எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாடலின் பல்லவி. திரியை ஊதி அணைப்பது பெரிய பதவி, அதை முறைவைத்துக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு யார் முறை என்ற சண்டை வரும். அந்தச் சண்டை வருகிறதென்றால் உங்கள் வழக்கம் வேர்பிடித்துவிட்டது என்று பொருள்.

மணியைச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. டிசம்பர் 3 புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர் அவர். கையில் மணியோடு ஊர் முழுக்க நடந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி, தமிழில் ஆக்கிய செபங்களைக் கற்றுக்கொடுத்ததை 1544இல் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையருகே சாங்சுவான் தீவில் இறந்தார். எங்கள் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்தில், கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்காக அன்று உள்ளூர் விடுமுறை. இப்படித் தமிழ் மண்ணில் நடந்த ஒரு புனிதரின் நாள் திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தை ஒட்டியே நமக்குக் கிடைத்திருக்கும்போது, பிள்ளைகளுக்கு முதல் கதையாக அதைச் சொல்லாமல் பனியும் கலைமானும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு விளங்குவதில்லை. வீட்டு மணிக்குச் "சவேரியார் மணி" என்று பெயர் வைத்துவிடுங்கள்.

மற்ற புனிதர் நாட்களில் டிசம்பர் 6 நிக்கோலாசுடையது. இன்றைய துருக்கியில் இருக்கும் மீராவின் ஆயர், நான்காம் நூற்றாண்டு. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வேர் அவர்தான் என்பதால், தாத்தா பற்றி ஆறு வயதுக்காரி கேள்வி கேட்கத் தொடங்கும்போது பொய்யும் சொல்லாமல் மனமும் நோகாமல் தப்பிக்க இந்த நாள் உதவும். டிசம்பர் 8 அமலோற்பவ மாதா, 13 புனித லூசியா. எல்லாவற்றையும் கொண்டாட வேண்டியதில்லை, படத்தைக் காட்டிப் பெயரைச் சொன்னால் போதும்.

ஞாயிற்றுப் பூசைக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்த ஒரு விளையாட்டு உண்டு. "இன்றைக்குக் கோவிலில் என்ன காணோம் என்று கண்டுபிடி" என்று சொல்லி அனுப்புங்கள். திருவருகைக் கால ஞாயிறுகளில் "உன்னதங்களிலே" என்று தொடங்கும் வானவர் கீதத்தைப் பாடுவதில்லை. அல்லேலூயா உண்டு, அது கிடையாது. பீடத்தில் பூ குறைந்திருக்கும், உடை ஊதா. மறைக்கல்வி வகுப்பில் நான் பார்த்த வரையில், பெரியவர்கள் கவனிக்காமல் விடும் இந்தப் பாட்டுக் குறையை ஆறேழு வயதுப் பிள்ளைகள் இரண்டாவது ஞாயிறே பிடித்துவிடுகிறார்கள். டிசம்பர் 8 போன்ற விழா நாட்களில் மட்டும் அது எட்டிப்பார்க்கும், பங்கின் பாதுகாவலர் திருவிழா வந்தால் அன்றும் பாடுவார்கள். மற்றபடி அது இருபத்து நான்காம் தேதி இரவுக்காகக் காத்திருக்கிறது. வானதூதர்கள் இடையர்களுக்குப் பாடிய பாட்டு அது, அவர்கள் வரும்வரை நாமும் பாடுவதில்லை என்று சொன்னால் குழந்தைக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

நற்செய்தி வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும். 2026 நவம்பர் 29 அன்று தொடங்குவது மாற்கு ஆண்டு. அதன் முதல் ஞாயிறு, வீட்டுத்தலைவர் எப்போது திரும்புவார் என்று தெரியாமல் விழித்திருக்கும் வாயில்காவலர் கதை. உங்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளி அண்ணனை இருவருக்கும் தெரியுமல்லவா? அவரை வைத்தே சொல்லிவிடலாம். அன்று மாலை அவருக்கு ஒரு டீ கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால் மறையுரை முடிந்தது. மத்தேயு ஆண்டின் முதல் ஞாயிற்றில் நோவா வருவார், பெட்டகமும் மிருகங்களும் இருப்பதால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். லூக்கா ஆண்டின் முதல் ஞாயிறு கடல் கொந்தளிப்பும் வானத்து அடையாளங்களுமாகப் பயமுறுத்தும். அதைச் சின்னவர்களுக்கு வாசிக்காமல் கடந்துவிடுங்கள்.

இரண்டாம் ஞாயிறு எந்த ஆண்டிலும் திருமுழுக்கு யோவானுக்குரியது. ஒட்டக முடி உடை, வெட்டுக்கிளி, காட்டுத்தேன் என்று சொன்னாலே பிள்ளைகள் நெருங்கி உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு துளித் தேன் நாக்கில் வையுங்கள். வெட்டுக்கிளி வேண்டும் என்று கேட்டால் சமாளிப்பது உங்கள் பாடு. நான்காம் ஞாயிறு சூசையப்பரின் கனவு, கபிரியேல் தூதர் வருகை, மாதா எலிசபெத்தைப் பார்க்கப் போவது என்று ஆண்டுக்கு ஒன்றாக மாறிமாறி வரும். மூன்றுமே நடித்துக் காட்டத் தகுந்தவை. துப்பட்டா ஒன்று இருந்தால் போதும்.

இனி, செய்யாமல் வைத்திருக்கும் காரியம். அது குடில். வழக்கமாக ஒரே இரவில் மொத்தக் குடிலையும் வைத்து, குழந்தை இயேசு சுரூபத்தையும் படுக்கவைத்து, அதன்மேல் சீரியல் விளக்கையும் எரியவிட்டு டிசம்பர் முதல் வாரத்திலேயே முடித்துவிடுகிறோம். பிறகு மூன்று வாரம் பிள்ளைகள் எதற்குக் காத்திருப்பார்கள்? பிறந்தாகிவிட்டதே!

அசிசி நகர் புனித பிரான்சிஸ் 1223இல் கிரெச்சோ என்ற மலையூரில் கிறிஸ்து பிறப்பு இரவில் அமைத்த குடிலில் சுரூபங்களே இல்லை. வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, சுற்றிலும் பந்தம் ஏந்திய ஊர்மக்கள். அந்தக் காலித் தொட்டியில் ஒரு குழந்தை கிடப்பதைப் பார்த்ததாக அங்கிருந்த ஒருவர் சொன்னார் என்று பிரான்சிசின் வரலாறு பேசுகிறது. வெறும் தொட்டிக்கு அவ்வளவு வலிமை இருக்கிறது.

முதல் வாரம் ஒரு மூலையில் செங்கல்லோ அட்டைப்பெட்டியோ வைத்து, பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலையாக்கி, கொட்டகையை மட்டும் நிறுத்துங்கள். இரண்டாம் வாரம் மாடும் கழுதையும் வரட்டும். மூன்றாம் வாரம் ஆடுகளும் இடையர்களும், ஆனால் தள்ளி, மலை மேலே. மாதாவும் சூசையப்பரும் படுக்கையறை அலமாரியிலிருந்து பயணம் கிளம்பட்டும். தினமும் ஒரு சாண் நகர்த்துவது பிள்ளைகளின் வேலை. ஃப்ரிட்ஜின் மேல் ஒரு நாள், ஷூ ஸ்டாண்டில் ஒரு நாள், தொலைக்காட்சிக்கு அருகில் ஒரு நாள். மூன்று ராஜாக்கள் இன்னும் தூரத்தில், பால்கனிப் பக்கம். குழந்தை இயேசு பீரோவுக்குள், புதுத்துணியோடு. அப்பாவோ தாத்தாவோ மட்டும் அறிந்த இடமாக இருந்தால் இன்னும் சுவை. புதுத்துணி வாங்கி மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்து, "பூசைக்குத்தான் போட வேண்டும்" என்று நம் அம்மாக்கள் நம்மை ஏங்கவைத்தார்களே, அதே வித்தைதான் இது.

பிளாஸ்டர் சுரூபம் சின்னவன் கையில் ஒரு நாள்கூடத் தாங்காது. மரத்திலோ துணியிலோ ஒரு செட் கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் களிமண்ணில் பிள்ளைகளே செய்யட்டும். மாடு நாய் மாதிரி இருந்தால் இருக்கட்டும். கழுதை சில நாள் அவன் தலையணைக்கு அடியில் தூங்கும், தேடிக் களைக்க வேண்டாம்.

குடிலுக்குப் பச்சை வைக்க டிசம்பர் 13, 14 வாக்கில் ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவுங்கள். தினமும் தண்ணீர் தெளித்தால் கிறிஸ்துமஸ் இரவுக்குள் புல்வெளி தயார். முளைப்பாரி பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. குரோவேஷியாவிலும் ஹங்கேரியிலும் லூசியா திருநாளன்று வீட்டுக்குள் கோதுமை விதைத்துக் கிறிஸ்துமசுக்குப் பச்சையாக எடுத்துவைக்கும் வழக்கம் இருக்கிறது. காத்திருத்தலைச் சொல்லித்தர இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. "ஏன் இன்னும் வரவில்லை?" என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள், கிளறினால் முளைக்காது என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொள்வார்கள்.

ஒரு வழக்கத்தை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. நல்ல காரியம் ஒன்று செய்தால் தொட்டியில் ஒரு வைக்கோல் போடுவது என்று பல மறைக்கல்வி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். நடப்பது வேறு: ஆறு வயதுக்காரி கணக்குப்பிள்ளையாகிவிடுகிறாள், "தம்பி இன்றைக்குப் போடக்கூடாது, அவன் என்னை அடித்தான்" என்று தீர்ப்பு வேறு சொல்கிறாள். சேட்டை செய்யும் பிள்ளைக்கு இயேசு வெறும் பலகையில் படுப்பார் என்ற பயம் தங்கிவிடும். நாம் நல்லவர்களாக இருந்தோம் என்பதற்காகவா அவர் வந்தார்?

அதற்குப் பதில் நம் ஊர்க் கோவில்களுக்குப் பழகிய பிடியரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். சமைக்க அரிசி அளக்கும்போது, பிள்ளைகள் தங்கள் கையால் ஒரு பிடி அள்ளி ஒரு டப்பாவில் போட வேண்டும். நல்ல பிள்ளையாக இருந்த நாளும் போடுவோம், அடம்பிடித்த நாளும் போடுவோம். சின்னவன் கை சின்னது, பாதி தரையில் கொட்டும். இருபத்து மூன்றாம் தேதி அதோடு பருப்பும் எண்ணெயும் நீங்கள் சேர்த்து, உங்களுக்குத் தெரிந்த, உண்மையாகவே சமைத்துச் சாப்பிடப்போகும் ஒரு வீட்டுக்குப் பிள்ளைகளோடு போய்க் கொடுங்கள். புகைப்படம் எடுக்காதீர்கள். லூக்கா ஆண்டின் மூன்றாம் ஞாயிற்றில் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்ட கூட்டத்துக்கு, இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்றுதான் யோவான் பதில் சொல்கிறார். மழைக்காலம் வேறு. டிசம்பரில் சென்னையில் கூரை ஒழுகும் வீடுகளைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை.

நோன்பு பற்றி: சின்னப் பிள்ளைகளைப் பட்டினி போடுவது கூடாது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும், கத்தோலிக்கத் திருஅவையிலேயே தனி வழிபாட்டுமுறை கொண்ட சீரோ மலபார் குடும்பங்கள் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நோன்பு என்று இறைச்சியும் மீனும் விலக்குவார்கள். தக்கலைப் பக்கம் உறவினர் இருந்தால் பார்த்திருப்பீர்கள். நாம் இலத்தீன் வழிபாட்டுமுறைக் குடும்பமானால் அந்தக் கடமை இல்லை. வீடு முழுவதும் வெள்ளிக்கிழமை எளிய சாப்பாடு, அவ்வளவு போதும். பெரியவர்கள் கைப்பேசியைச் செப நேரத்தில் வேறு அறையில் வைப்பது நல்ல ஒறுத்தல். பிள்ளைகள் இதை உடனே கவனிப்பார்கள்.

சாக்லேட் நாள்காட்டி வாங்க வேண்டாம். தினமும் ஒன்று தின்னக் கிடைத்தால் காத்திருப்பு எங்கே இருக்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் வீடுகளில் கதவில் சாக்பீஸ் கோடுகள் போட்டு நாளுக்கு ஒன்றாக அழித்தார்கள், அதிலிருந்துதான் இந்த நாள்காட்டி வளர்ந்தது. ஒரு சிலேட்டில் நீங்களும் அதையே செய்யலாம். ஈசாய் மரம் அழகான வழக்கம், ஆதாம் முதல் மாதா வரை தினம் ஒரு கதையும் ஒரு படமும். ஆனால் இருபத்து நான்கு படம் வெட்டி ஒட்டுவது கடைசியில் அம்மாவின் வீட்டுப்பாடமாகிவிடும். பிள்ளைகள் வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு ஈடாக ஏழு நாளில் முடியும் ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது இது. டிசம்பர் 17 முதல் 23 வரை திருஅவையின் மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன், "ஓ" என்று தொடங்கும் ஏழு முன்மொழிகள், அதாவது நாளுக்கு ஒன்றாகச் சிறு செபவரிகள், வருகின்றன. எட்டாம் நூற்றாண்டிலேயே உரோமையில் வழங்கிவந்தவை. ஒவ்வொரு நாளும் வரப்போகிறவரை ஒரு பெயரால் அழைக்கும்: ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், உதிக்கும் சுடர், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல். இலத்தீனில் இந்தப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து கூட்டினால் "ஏரோ கிராஸ்" என்று வரும், "நாளை நான் வருவேன்" என்று பொருள். இருபத்து மூன்றாம் தேதி அந்த வார்த்தை நிறைவடைகிறது.

இதற்கு வீட்டுப் பொருட்களே போதும். 17 அன்று குடில் அருகே வேதாகமத்தை வையுங்கள். 18 அன்று மோசேக்கு எரியும் முட்செடியில் தோன்றியவரைச் சொல்லச் சிவப்புக் காகிதம் சுற்றிய ஒரு குச்சி. 19 அன்று கேழ்வரகுத் தட்டைக் குடிலுக்குள் கொண்டுவாருங்கள், அதற்குள் வேர் இறங்கியிருக்கும். 20 அன்று பழைய சாவி ஒன்று, பெரியதாக, துருப்பிடித்ததாக இருந்தால் மேல். 21 அன்று மூத்தவள் வரைந்த சூரியன். 22 அன்று அட்டையில் செய்த மகுடம். 23 அன்று எதையும் வைக்காமல் தொட்டியை மட்டும் துடைத்து வைக்கோல் பரப்புங்கள். இந்த வாரத்தில் தேர்வும் முடிந்திருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்கவும் முறுக்கு மாவு பிசையவும் பிள்ளைகளை உட்காரவையுங்கள். பலகாரம் சுடும் வேலையும் இந்தக் காலத்தின் வேலைதான்.

மாமியாரின் ஸ்டாரோடு சண்டை போடாதீர்கள். டிசம்பர் ஒன்றில் தெரு முழுக்க ஸ்டார் தொங்கும்போது நம் வாசல் மட்டும் இருட்டாக இருந்தால் மூன்று வயதுக்காரன் தண்டனை என்றுதான் நினைப்பான். வழிகாட்டும் விண்மீன் முன்னாலேயே வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், தவறில்லை. கேரல் குழுவும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் தாத்தா குதித்துக்கொண்டு வருவார், "பிறந்தார், பிறந்தார்" என்று பத்து நாள் முன்னாலேயே பாடுவார்கள். கதவைத் திறந்து, காணிக்கை கொடுத்து, கூடச் சேர்ந்து பாடுங்கள். பள்ளி விழாவுக்கும் அலுவலகக் கேக்குக்கும் இதே பதில். வெளியே நடப்பது நம் கையில் இல்லை. தாம்பாளமும் தொட்டியும் நம் கையில் இருக்கின்றன. மூத்தவள் ஒருநாள் கேரல் குழுவைப் பார்த்து "இன்னும் பிறக்கவில்லை, எங்கள் வீட்டுத் தொட்டி காலியாகத்தான் இருக்கிறது" என்று திருத்தினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இருபத்து நான்காம் தேதி மதியம் இருவரையும் தூங்கவையுங்கள். நள்ளிரவுப் பூசைக்குச் சின்னவனைத் தூக்கிப்போவதா என்று தயங்கினால், ஒரு போர்வையும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் உட்காருங்கள். மறையுரையில் தூங்கினால் குற்றமில்லை. ஆனால் "உன்னதங்களிலே" தொடங்கும்போது விழித்திருக்க வேண்டும். நான்கு வாரம் காணாமற்போயிருந்த பாட்டு அது. கோவில் மணியெல்லாம் ஒன்றாக அடிக்கும், பல பங்குகளில் அந்த நேரம்தான் குடிலின் திரையை விலக்குவார்கள். காத்திருந்தது எதற்கு என்று யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்காது. குழந்தைகளால் முடியவே முடியாது என்றால் விடியற்காலைப் பூசைக்குப் போகலாம், அதிலும் இதே கீதம் உண்டு. பூசையிலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாகப் பீரோவைத் திறந்து, சுரூபத்தைச் சின்னவன் கையில் கொடுத்து அவனையே வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் கடைக்குட்டி செய்வது என்று வழக்கமாக்கிவிட்டால் வரும் ஆண்டுகளிலும் அது நிற்கும்.

நடுவில் நாட்கள் தவறும். காய்ச்சல் வரும், தேர்வுக்கு முந்தின இரவில் எல்லாருக்கும் எரிச்சலாக இருக்கும், நீங்கள் அலுவலகத்திலிருந்து வரத் தாமதமாகும். விட்ட நாளை ஈடுகட்ட முயல வேண்டாம், அடுத்த நாள் மணியை அடித்துத் தொடருங்கள். இரண்டாம் வாரத்தில்தான் தொடங்க முடிந்தது என்றால் இரண்டு திரிகளையும் ஏற்றித் தொடங்குங்கள்.

இருபத்தாறாம் தேதியே குடிலைக் கலைத்துவிடாதீர்கள். கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீளும். பால்கனியில் நிற்கும் மூன்று ராஜாக்களும் இன்னும் வந்துசேரவில்லை. இந்தியாவில் திருக்காட்சிப் பெருவிழாவை ஜனவரி 2க்கும் 8க்கும் இடைப்பட்ட ஞாயிற்றில் கொண்டாடுகிறோம், அதுவரை அவர்களும் தினம் ஒரு சாண் நடக்கட்டும். ஸ்டாரை அதற்குள் மாமியார் கழற்றிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ராஜாக்களுக்கு வழி தெரிய வேண்டும்.